எதிர் ஜெபம்

அத்தியாயம் 11

"ஆண்டவரே, அவருக்குத் தைரியத்தைக் கொடுக்காதேயும்."

இப்படியும் ஒருத்தி ஜெபம் செய்வாளா என்று கேட்காதீர்கள். கண்ணாடிக்காரி செய்தாள். ஒருநாள் இருநாள் இல்லை, முழுசாக ஆறு நாள். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு செய்தாள். இன்று ஏழாம் நாள்.

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் சபையில் ஞாயிறுதோறும் ஒரு கூடை சுற்றி வரும். காணிக்கைக்கு இல்லை, விண்ணப்பச் சீட்டுக்கு. மனசில் பாரம் உள்ளவர்கள் பேர் போடாமல் எழுதி, மடித்து உள்ளே போடுவார்கள். புதன்கிழமை பெண்கள் ஜெபக்குழு கூடி ஆளுக்கொரு சீட்டு எடுக்கும். எடுத்தவள் அந்தச் சீட்டுக்காக ஒரு வாரம் ஜெபிக்க வேண்டும். அடுத்த புதனன்று எழுந்து நின்று "ஜெபித்தேன்" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். எழுதியவர் யாரென்று ஆராயக் கூடாது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

கண்ணாடிக்காரி கையில் வந்த சீட்டில் மூன்றே வரி.

'நான் இந்த வீட்டை விட்டுப் போகத் தீர்மானித்துவிட்டேன். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டும். அவள் கோபப்படாமல் கேட்க வேண்டும்.'

ஆராய்வதற்கு அதில் என்ன இருக்கிறது? எட்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய கையெழுத்து. லிஃப்ட் பராமரிப்பு அட்டையில் எழுதி எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்துக்குள் அடைத்தமாதிரி எழுதும் கை அந்தச் சபையிலேயே ஒன்றுதான். அது அவள் புருஷனுடைய கை.

 



காலை ஆறரை மணி. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று நாற்காலி. குடும்ப ஜெபம்.

இந்த வீட்டைப் பற்றிச் சபையில் ஒரு பேச்சு உண்டு. "அந்த வீட்டுல மாமியார் மருமகள் சத்தம் கேட்டதே கிடையாதுப்பா" என்பார்கள். உண்மைதான். சண்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் வீட்டில் சத்தம் எப்படிக் கேட்கும்?

"ஆண்டவரே, துணி காயப்போடுற கயிறு எல்லாருக்கும் பொதுன்னு சிலருக்கு உணர்த்தும்" என்று மாமியார் சொல்வாள்.

"ஆண்டவரே, குளியலறைக்குள்ள போனா முக்கால் மணி நேரம் வெளிய வராதவங்களுக்கு நேரத்தோட அருமையை உணர்த்தும்" என்று மருமகள் சொல்வாள்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற புருஷன், லிஃப்ட்காரன், நடுவில் உட்கார்ந்திருப்பான். "எல்லாருக்கும் நல்ல புத்தியைத் தாரும் பிதாவே, ஆமென்" என்று அவசரமாக முடித்துவிட்டு எழுந்திருப்பான். முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் மேலே போய்த்தான் கீழே வரும்.

மாமியார் முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டே காலம் தள்ளியவள். இரண்டு வாரத்துக்கு முன்னால் கண்ணில் புரை எடுத்தார்கள். அதிலிருந்து பாதி முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி. தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து மாட்டியதும் மருமகள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது அவள் வேலை. சபையில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பேர் வந்ததும் அதனால்தான்.

மாட்டிவிட்ட பிறகுதான் தெரிந்தது எவ்வளவு பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று. ஜெபத்தில் மாமியார் கண்ணை மூடியிருக்கிறாளா, திறந்து வைத்துக்கொண்டு எல்லாரையும் அளவெடுக்கிறாளா என்று ஒன்றும் புரியவில்லை.

இன்றைக்கு லிஃப்ட்காரன் தொண்டையைச் செருமினான்.

"பிதாவே... எடுத்த தீர்மானத்துல நிக்கப் பெலன் தாரும். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லக் கிருபை தாரும்."

கண்ணாடிக்காரி ஒரு கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்தாள். அவன் கண்ணும் திறந்திருந்தது! அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளை இல்லை, அம்மாவை. கறுப்புக் கண்ணாடி அந்தப் பக்கம் ஒரு தரம் மெல்ல அசைந்தது.

அடப்பாவிகளா! அம்மாவும் பிள்ளையும் கூட்டா?

"ஆமென்" என்றாள் மாமியார், இன்றைக்கு யாருக்கும் எதையும் உணர்த்தச் சொல்லாமல். அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவனைப் போய் மறித்தாள்.

"இன்னிக்கு எங்க வேலை?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட். மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல நிக்குதாம்."

"எப்ப வருவீங்க?"

"வழக்கம்போலதான். ஏன்?"

"சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா?"

அவன் நீல யூனிஃபார்ம்தான் போட்டிருந்தான். ஆனால் தோள்பைக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மடித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அவன் பல் தேய்க்கப் போனபோது பார்த்துவிட்டாள். கிரீஸிலும் கம்பியிலும் புரள்கிற மனுஷனுக்கு வெள்ளைச் சட்டை எதற்கு?

"அம்மாவுக்கு மதியச் சொட்டு மருந்து?" என்று அவன் கேட்டான்.

"பக்கத்து வீட்ல சொல்லிட்டேன். உங்களை மாதிரி நான் எதையும் மறக்கறதில்ல."

அவன் செருப்பை மாட்டினான். வாசலில் ஒரு நொடி நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்ணாடிக்காரி மனசுக்குள் அவசர அவசரமாகத் தன் ஆறு நாள் ஜெபத்தைப் போட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

பலிக்கிறது! சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.



கடையில் பின்னறையில்தான் அவள் மிஷின். தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரம் தேயும். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், மனசு அதுபாட்டுக்கு ஊர் சுற்றும்.

யாராக இருக்கும்?

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் நாலாம் மாடியில் ஒரு டீச்சர். தனியாக இருக்கிறவள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் இந்த மாசம் மூன்று தடவை நின்றுவிட்டது. ஒரே லிஃப்ட் மாசத்தில் மூன்று தடவை நிற்குமா? நின்றாலும் அதெப்படி ஒவ்வொரு தடவையும் இவன்தான் போக வேண்டியிருக்கிறது? போன மாசம் அந்த டீச்சர் இவனுக்கு மோர் கொடுத்தாளாம். இவனே வந்து சொன்னான். ஒளிக்கிறவன் எதற்குச் சொல்கிறான் என்று அன்றைக்கு நினைத்தாள். ஒளிக்கிறவன்தான் இப்படி ஒன்றிரண்டைச் சொல்வான் என்று இப்போது தோன்றியது.

'டக்' என்று ஒரு சத்தம். லென்ஸின் ஓரம் பெயர்ந்துவிட்டது.

பில் போடுகிற அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்னடி, காலையிலேர்ந்து ரெண்டாவது? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லக்கா."

"மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணுமில்லாத மாதிரி இல்லையே. வீட்ல ஏதாவது?"

சொல்லியிருந்தால் பாதிப் பாரம் குறைந்திருக்கும். ஆனால் சீட்டு விஷயத்தை வெளியே விடக் கூடாது. அந்த ஒரு கட்டளையை மட்டும் அவள் இன்னும் மீறவில்லை. மற்றதையெல்லாம் மீறிவிட்டோமே, இதையாவது காப்பாற்றுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவன் செல்லுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தான். அவன் ஆபீசுக்கு அடித்தாள்.

"அவரா? மதியத்துக்கு மேல லீவு சொல்லிட்டுப் போனாரேம்மா. உங்ககிட்ட சொல்லலியா?"

"ஆமா ஆமா, சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்று அவள் ஃபோனை வைத்தாள். புருஷனுக்காகப் பொய்யும் சொல்லியாயிற்று.



புதன்கிழமைகளில் இரண்டு மணிக்கே கிளம்ப அவளுக்கு அனுமதி உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிக்னலில் வண்டி நின்றபோது சும்மா வெளியே பார்த்தாள்.

பெட்டி, பை ரிப்பேர் செய்கிற கடை. வாசலில் வெள்ளைச் சட்டையில் அவள் புருஷன்.

அவர்கள் வீட்டுப் பரண்மேல் கிடக்கிற பெரிய அரக்கு நிறப் பெட்டியை அவன் நடைபாதையில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலடி முன்னால், நாலடி பின்னால். புதுச் சக்கரம் போட்டிருக்கிறார்கள். குனிந்து சக்கரத்தை விரலால் சுழற்றிவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினான். லிஃப்ட்டைச் சரிபண்ணி முடித்ததும் ஆட்டுவானே, அதே தலையாட்டல்.

"இறங்கணும், வண்டியை நிறுத்துங்க!" என்று எழுந்தாள்.

"சிக்னல்லயெல்லாம் இறக்க முடியாதும்மா" என்றார் கண்டக்டர். பஸ் நகர்ந்துவிட்டது.

அவள் உட்கார்ந்தாள்.  இதுவரைக்கும் இருந்தது சந்தேகம். சந்தேகத்துக்குள்ளே 'ஒருவேளை இருக்காது' என்று ஒரு மூலை இருக்கும், அங்கே போய் ஒண்டிக்கொள்ளலாம். புதுச் சக்கரம் போட்ட பெட்டியைப் பார்த்த பிறகு அந்த மூலையும் போய்விட்டது. அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.



சபைக் கோயிலுக்குப் பின்னால் உள்ள சின்னக் கூடம். பதினோரு பெண்கள், பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் கிழித்த சீட்டைப் போட ஒரு தட்டு. குழுவை நடத்துகிற அக்கா கையில் ஒரு மணி வைத்திருப்பாள். யாராவது ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனால் ஆட்டிவிடுவாள். அதனால் மணியக்கா.

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். "ஜெபித்தேன்" சொன்னார்கள். கிழித்தார்கள்.

"அடுத்தது?"

கண்ணாடிக்காரி எழுந்தாள். சீட்டைக் கையில் பிடித்தாள். 'ஜெபித்தேன்' என்று சொல்லிக் கிழிக்க வேண்டிய இடத்தில் அதை மறுபடி மடித்தாள். ஜெபித்தது என்னவோ நிஜம். ஒரு நாள்கூட விடாமல் ஜெபித்தாள். ஆனால் எழுதியவர் கேட்டதற்கு நேர் எதிராக. அதை இந்தப் பத்துப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"அக்கா, இதை இன்னும் ஒரு வாரம் வச்சுக்கலாமா?"

பத்துத் தலையும் திரும்பின. குழு தொடங்கிய பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மணியக்கா மணியைக் கீழே வைத்துவிட்டு அவளை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சா?"

அவள் சீட்டை உள்ளங்கைக்குள் அழுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சிருந்தா பரவால்ல, இங்க கொடு. வேற ஆள்கிட்ட மாத்திடறேன்."

"வேணாம்!" என்று சீட்டைப் பின்னால் மறைத்தாள் கண்ணாடிக்காரி. வேறு ஒருத்தி கையில் போனால் அவள் சீட்டில் கேட்டிருக்கிறபடியே ஜெபித்துத் தொலைப்பாளே! அப்புறம் அவனுக்குத் தைரியம் வந்துவிடாதா?

மணியக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "நீ ஜெபிச்சியா இல்லியா? அதை மட்டும் சொல்லு."

"ஜெபிச்சேன்கா. கேட்டிருந்த மாதிரி இல்ல."

"அப்படின்னா?"

"அப்படித்தான்."

மணியக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பாரு. அதை எழுதின ஆளு, யாரோ ஒருத்தி நமக்காக முழங்கால் போடுறாங்கிற நம்பிக்கையில ஒரு வாரமா வீட்ல உக்காந்திருக்கு. அந்த நம்பிக்கையில மண்ணைப் போட்டியா? எனக்குக் காரணம் வேணாம். போ. ஒரே ஒரு தடவை, எழுதியிருக்கிறபடி ஜெபி. அப்புறம் நீயே கிழிச்சுப் போட்டுடு. என் முகத்துல முழிக்கிறதுக்கு முன்னாடி அதைச் செய்."

சொல்லிவிட்டு உள்ளே போய் மணியை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினாள்.



திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் ஒருத்தர் தூங்கித் தூங்கி விழுந்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள் புடவை அளவு பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். இந்த நெரிசலில் ஜெபமா? ஆனால் வீட்டுக்குப் போய்விட்டால் செய்யமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் வாய் மறுபடி எதிராகத்தான் போகும்.

கண்ணை மூடினாள்.

'ஆண்டவரே, எனக்கு இதைக் கேக்க இஷ்டமே இல்ல. அதை உம்மகிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? நான் ஆறு நாளா அந்த ஆளோட வாயைக் கட்டிப்போடச் சொன்னேன். அது தப்புன்னு இப்பக்கூட எனக்குத் தோணல. என் வீடு உடைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு. ஆனா அந்த ஆளு உம்மை நம்பித்தானே எழுதிப் போட்டிருக்கு. அதனால கேக்கறேன். தைரியத்தைக் கொடும். சொல்லட்டும். கோபப்படாம கேக்க எனக்கும் கொஞ்சம் கொடும். ஆமென்.'

கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. புடவைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பஸ் நிலையக் கடிகாரத்தில் மணி ஐந்து அடிக்கப் போனது. சீட்டை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.



வீட்டுக் கூடத்தில் கதவுக்குப் பின்னால், போர்வையைப் போட்டு மூடிய ஒரு பெரிய உருவம் நின்றது. மறைக்கிற லட்சணம் அவ்வளவுதான். கீழே இரண்டு புதுச் சக்கரம் பளபளத்தது.

லிஃப்ட்காரன் மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் காய் நறுக்கியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாமியார் சாய்வு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் இருந்தாள்.

"சக்கரம் நல்லா ஓடுதா?" என்றாள் கண்ணாடிக்காரி.

கத்தி கீழே விழுந்தது. "நீ... எப்ப பார்த்தே?"

"இன்னிக்கு. ரெண்டரை மணிக்கு. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு எப்பலேர்ந்து பெட்டிச் சக்கரம் போடறாங்க?"

"நான் ஆஸ்பத்திரிக்கும்தான் போனேன்..."

"போதும். உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள் மாமியார். "ஜெபம் பண்ணலாம்."

"ராத்திரி ஜெபம் ஏழு மணிக்குத்தானேம்மா?" என்றான் லிஃப்ட்காரன்.

"இன்னிக்கு இப்பவே."

உட்கார்ந்தார்கள். எப்போதும் பிள்ளைதான் ஒரு ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கி வைப்பான். இன்றைக்கு மாமியார் அவனுக்கு வழிவிடவில்லை.

"பரம பிதாவே, ஸ்தோத்திரம். நான் இந்த வீட்டை விட்டுப் போகப்போறேன். அதை என் மருமகள்கிட்ட சொல்லணும்னு ரெண்டு வாரமா நினைக்கிறேன், நாக்கு எழும்பவே மாட்டேங்குது. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எழுத முடியாததால என் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லிக் கூடையில போட்டேன். அதுக்கப்புறமும் வாய் வரல. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உக்காந்திருக்கும்போதே திடீர்னு ஒரு தெம்பு வந்துச்சு. எந்த மகராசி கையில என் சீட்டு கிடைச்சுதோ, அவளையும் அவ முழங்காலையும் ஆசீர்வதியும்."

 கண்ணாடிக்காரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அவன் போகவில்லை! நாலாம் மாடி டீச்சரை மனசுக்குள்ளேயே கைகூப்பி அனுப்பிவைத்தாள். அடுத்த நொடி வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மாசத்துக்கு எழுதக் கூடாது, படிக்கக் கூடாது என்று மாமியாருக்குச் சட்டம் போட்டதே அவள்தான். அப்புறம் அந்த அம்மாள் வேறு யார் கையால் எழுதுவாள்? ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே!

மாமியார் நிறுத்தவில்லை. "ஏன் போறேன்னு என் மருமகள் கேப்பா. இந்த வீட்டுக்குச் சமாதானத்தைத் தாரும், சமாதானத்தைத் தாரும்னு அவ தினமும் உம்மகிட்ட கேக்கறா. எட்டு வருஷமா நானும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். யாரு இல்லேன்னா சமாதானம் வரும்னு எனக்குத் தெரியாதா? நீர் கொடுக்கத் தாமதம் பண்றீர். நானே கொடுத்துடலாம்னு பார்க்கறேன்."

 எல்லா வீட்டிலும் எல்லாரும் கேட்கிற சாதாரண ஜெபம். இல்லை என்று சாதிக்கலாம். ஆனால் அந்தச் 'சமாதானத்தை' எந்தப் பக்கம் பார்த்து எறிந்தோம் என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியாதா?

அவள் குரலும் ஜெபத்தில்தான் வந்தது. வேறு வழி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஆண்டவரே... அந்தச் சீட்டு என் கையிலதான் கிடைச்சது. கையெழுத்தைப் பார்த்துட்டு இவர்தான் என்னை விட்டுட்டுப் போறாருன்னு நினைச்சேன். ஆறு நாளா தைரியம் கொடுக்காதேன்னு எதிரா ஜெபிச்சேன். இன்னிக்குத்தான், பஸ்ல..."



"ஆண்டவரே, அதான் எனக்கு நாக்கு எழும்பலையா!" என்றாள் மாமியார்.

லிஃப்ட்காரன் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்துவிட்டது. "உனக்கு என்மேல இவ்வளவு சந்தேகமாடி? கண் டாக்டர்கிட்ட அம்மா பயணம் பண்ணலாமான்னு கேக்கப் போனேன். அழுக்கு யூனிஃபார்மோட போக முடியுமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. எங்க போறாங்கன்னு எனக்கே தெரியாது. வண்டி நாளைக்குக் காலைல ஏழரைக்கு வருதுன்னு மட்டும் சொன்னாங்க."

கண்ணாடிக்காரி மாமியாரின் பக்கம் திரும்பினாள். கண்ணைத் திறந்துகொண்டு, முகத்துக்கு நேராக, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

"போகாதீங்க அத்தை."

மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது.

"போகாதீங்கன்னு இன்னிக்குச் சொல்றே. என்னிக்காவது ஆண்டவர்கிட்ட அப்படிக் கேட்டிருக்கியா?"

"ஆறு நாளா அதைத்தானே கேட்டேன். இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது, போகக் கூடாதுன்னு."

"எனக்காகவா கேட்டே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் முடிந்திருக்கும். வாய்வரைக்கும் வந்தது. அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"இல்ல அத்தை."

மாமியார் தலையாட்டினாள். கோபம் தெரியவில்லை. ஏதோ ஒன்று லேசானமாதிரிகூட இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க? அதையாவது சொல்லுங்க. யாரோட வண்டி? யாரு வர்றாங்க?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீ ராத்திரியே ஜெபிச்சுத் தடுத்துடுவே. ஆளு தெரியாம ஜெபிச்சதுக்கே ஆறு நாள் என் நாக்கு எழும்பல" என்றாள் மாமியார். "இந்தத் தடவை நீ எனக்காகவே கேப்பே. அதான் பயமா இருக்கு."